ஏன் ஆண்டவரே? அண்ணாச்சி பதில்கள்

இந்த முறை தபால் பையில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: நல்லவனுக்கு ஏன் கெட்டது நடக்கிறது? நடுவில் சில குறும்புக் கடிதங்களும் புகுந்துவிட்டன. துக்க வீட்டிலும் டீ கொடுக்கிறோமே, இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் அடுத்தடுத்துக் கஷ்டம். நாங்கள் செய்த ஏதோ பாவம்தான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அப்படியா அண்ணாச்சி?
(இல்லத்தரசி, நாசரேத்)

பதில்: எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். ஊரில் மற்றவர்களைவிட இவர்கள் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டார். இல்லை என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். லூக்கா 13ஆம் அதிகாரம். உங்கள் அக்கா 12ஆம் அதிகாரத்தோடு வேதத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது.

கேள்வி: அப்போ பாவத்துக்குத் தண்டனையே கிடையாதா?
(பக்கத்து வீட்டு அக்கா, நாசரேத்)

பதில்: வாங்க அக்கா. குடித்தால் ஈரல் கெடும். அதைச் சொல்லத் தீர்க்கதரிசி வேண்டாம், ஸ்கேன் போதும். அடுத்த வீட்டு ஈரலுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் ஊழியம்தான் உங்களுக்கு அருளப்படவில்லை. சீலோவாம் பேச்சின் மிச்சத்தையும் வாசியுங்கள். இயேசு மனந்திரும்பச் சொன்னது இடிபாட்டில் செத்தவர்களை அல்ல, அதைப் பற்றிக் கதை பேசிக்கொண்டிருந்தவர்களை.

கேள்வி: துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லலாமா?
(வாலிபர் சங்கச் செயலாளர், திருச்சி)

பதில்: யோபுவின் சிநேகிதர் மூன்று பேர் துக்கம் கேட்க வந்தார்கள். 7 நாள், 7 இரவு தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை மூவரும் சொக்கத் தங்கம்.

பிறகு வாயைத் திறந்தார்கள். நீ ஏதோ செய்திருக்கிறாய், அதனால்தான் இது என்று ஆரம்பித்தது, அதிகாரம் அதிகாரமாக நீண்டது. போதாததற்கு எலிகூ என்றொரு இளைஞர் இடையில் நுழைந்து மூச்சுவிடாமல் ஆறு அதிகாரம் பேசினார். அவரும் ஏதோ வாலிபர் சங்கச் செயலாளராக இருந்திருப்பார்.

கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் மூண்டது தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூவர் மேல். 7 காளை, 7 ஆட்டுக்கடா கொண்டுபோய்ப் பலி கொடுக்க வேண்டும், புலம்பித் தீர்த்த யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று தீர்ப்பு. தம்பி, துக்க வீட்டில் வாயைத் திறக்குமுன் காளை விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பஸ்ஸில் புது செல்போன் தொலைந்துவிட்டது. இதிலும் ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்குமா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: ஆண்டவர் திட்டம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவருக்குத் தெளிவான திட்டம் இருந்திருக்கிறது.

கேள்வி: காணிக்கை கூடப் போட்டால் கஷ்டம் தீரும் என்கிறார் ஒரு ஊழியர். தீருமா?
(வியாபாரி, விருதுநகர்)

பதில்: தீரும். யாருடையது என்பதில்தான் சந்தேகம்.

கேள்வி: புது வருஷ ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. நன்மைக்கான திட்டம் வைத்திருப்பதாக ஆண்டவர் சொல்கிறார். பிப்ரவரியில் வேலை போய்விட்டது. அட்டை பொய்யா?
(மென்பொருள் ஊழியர், சென்னை)

பதில்: அட்டை பொய்யில்லை. இடம் போதாமல் 10ஆம் வசனத்தை விட்டுவிட்டார்கள். அதில் இருப்பது 70 வருஷம்.

பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்கிறார். பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்குங்கள், இப்போதைக்கு ஊர் திரும்புகிற பேச்சில்லை என்று அர்த்தம்.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் முன்னால் அடித்துச் சொன்னான். கைத்தட்டல் அவனுக்குத்தான் கிடைத்திருக்கும். சொன்னது பொய், அந்த வருஷமே ஆளும் காலி. இன்றைக்கு இருந்திருந்தால் அட்டை அச்சடிக்கும் ஆர்டர் முழுவதும் அவனுக்குத்தான். நீங்கள் எரேமியா கட்சியில் இருங்கள், வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருங்கள்.

கேள்வி: என் மகன் போய்ச் சில மாதம் ஆகிறது. "ஆண்டவருக்கு ஒரு பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார்" என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடத் தோன்றுகிறது.
(ஒரு அம்மா, பாளையங்கோட்டை)

பதில்: ஓடுங்கள் அம்மா. அந்தப் பூக்கதை வேதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெத்தானியாவில் லாசரு செத்துப்போனான். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போவது இயேசுவுக்குத் தெரியும். "அழாதே மரியாள், இதில் ஒரு நோக்கம் இருக்கிறது" என்று சொல்ல உலகத்திலேயே தகுதியான ஒரே ஆள் அவர்தான். கல்லறைக்குப் போகிற வழியில் அவர் அழுதார். முடிவு தெரிந்தவரே அழுத இடத்தில், ஒன்றும் தெரியாத நம் ஆட்களுக்கு விளக்கம் எதற்கு?

உங்களுக்கு இந்தப் பக்கத்தில் நகைச்சுவை கிடையாது.

கேள்வி: ஆண்டவரிடம் கோபப்படலாமா? சபையில் கேட்டால் அது அவிசுவாசம் என்கிறார்கள்.
(தட்டச்சர், நாகர்கோவில்)

பதில்: சங்கீதம் 88ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முறையீடு. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் முடிவுக்குள் ஒரு நன்றியாவது எட்டிப் பார்க்கும். இது இருளிலேயே நின்றுவிடுகிறது. இதை யாரும் தணிக்கை பண்ணவில்லை, ஆலயத்தில் பாடக் கொடுத்தார்கள். உங்கள் சபையில் வரிசையாகச் சங்கீதம் வாசிப்பவர்கள் 87லிருந்து 89க்குத் தாவுகிறார்களா என்று ஒரு கண் வையுங்கள்.

கேள்வி: ஐந்து அரியர். இதில் தேவ நோக்கம் என்னவாக இருக்கும்?
(பொறியியல் மூன்றாம் வருஷம், கோவில்பட்டி)

பதில்: தேவ நோக்கம் பிடிபடவில்லை. கல்லூரி நோக்கம் தெரியும்: பேப்பருக்கு இவ்வளவு என்று கட்டணம்.

கேள்வி: அண்ணன்மார் செய்த தீமையை ஆண்டவர் நன்மையாக மாற்றினார் என்று யோசேப்பு சொன்னானே, அதை எல்லாருடைய கஷ்டத்துக்கும் பொருத்திப் பேசலாமா?
(ஞாயிறு பள்ளி ஆசிரியை, சாயர்புரம்)

பதில்: யார் சொன்னது என்று பாருங்கள். 17 வயதில் குழியில் தள்ளப்பட்டு, 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போனவன் சொன்னது. கனவுக்கு அர்த்தம் சொல்லி அவன் கரையேற்றிய பானபாத்திரக்காரன், வெளியே போனதும் இரண்டு வருஷம் ஆளையே மறந்துவிட்டான். பார்வோன் முன்னால் நிற்கும்போது யோசேப்புக்கு வயது 30. அந்தப் பேச்சு வந்தது இன்னும் வெகுகாலம் கழித்து, அப்பாவை அடக்கம் பண்ணிய பிறகு. அப்போதும் நீங்கள் செய்தது தீமை என்பதை அவன் பூசி மெழுகவில்லை.

அதே பேச்சை விற்றவன் பேசியிருந்தால்? "பார்த்தாயா தம்பி, நாங்கள் வித்ததால்தானே நீ இன்றைக்கு மந்திரி" என்று யூதா தோளில் கை போட்டிருந்தால், எகிப்திலும் ஒரு குழி தோண்டியிருப்பார்கள். நோக்கத்தைக் கண்டுகொள்ளும் உரிமை குழியில் கிடந்தவனுக்கு. கரையில் நின்றவர்கள் கயிற்றைத் தேடட்டும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமாமே? மூட்டைப்பூச்சிக்கும் சேர்த்தா?
(விடுதி மாணவர், தாம்பரம்)

பதில்: தெள்ளுப்பூச்சிக்குச் சொன்னவர் இருக்கிறார். யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக ஹாலந்தில் கைதாகி, ராவென்ஸ்பிரூக் முகாமில் அடைக்கப்பட்ட சகோதரிகள் பெட்ஸி, கோரி டென் பூம். கொட்டகை முழுக்கத் தெள்ளு. அதற்கும் நன்றி சொல்வோம் என்றார் பெட்ஸி. உனக்குப் பைத்தியமா என்கிற பாவனையில் பார்த்தார் தங்கை கோரி. பிறகுதான் தெரிந்தது, தெள்ளுக்குப் பயந்து காவலர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. அந்தத் தைரியத்தில் தினமும் வேத வாசிப்பு நடந்தது.

பெட்ஸி 1944 டிசம்பரில் அங்கேயே இறந்தார். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசு. தன்னைக் கடித்த பூச்சிக்குத்தான் அவர் நன்றி சொன்னார். உங்கள் அறைத் தோழன் படுக்கையில் இருக்கும் பூச்சிக்கு நீங்கள் ஸ்தோத்திரம் சொல்லாதீர்கள்.

கேள்வி: தீமையை ஒழிக்க விரும்பியும் முடியாதவரா? முடிந்தும் விரும்பாதவரா? இதில் எது உங்கள் கடவுள்?
(பகுத்தறிவாளர் என்று கையெழுத்திட்டவர், ஈரோடு)

பதில்: எபிகூரஸ் பேரில் வழங்கும் கேள்வி. இன்றைக்கு உங்கள் கைக்கு அது வந்து சேர்ந்ததில் லாக்டான்டியஸ் என்ற கிறிஸ்தவருக்குப் பெரிய பங்கு. 4ஆம் நூற்றாண்டில் தம் நூலில் எழுதி வைத்தார். எதிர்க்கட்சி கொடுத்த மனுவை இத்தனை பத்திரமாக ஃபைல் பண்ணிய ஆளுங்கட்சி வேறு எங்கே உண்டு?

முழுப் பதில் யோபுவுக்கே கிடைக்கவில்லை. அவர் "ஏன்" என்றார். ஆண்டவரோ வரையாடு குட்டி போடும் காலம் தெரியுமா, உறைபனி வைத்திருக்கும் கிடங்கைப் பார்த்தாயா என்று திருப்பிக் கேட்டார். ஆனால் உங்கள் "ஏன்" என்பதை என் கடவுளே ஒரு தடவை கேட்டிருக்கிறார், சிலுவையில் தொங்கிக்கொண்டு, உரத்த சத்தமாக. அதற்கு மேல் வாதம் வேண்டுமென்றால் ஈரோடு வருகிறேன், டீ உங்கள் செலவு.

கேள்வி: ஒரே சபை, ஒரே ஜெபக்குழு. தோழிக்குப் புற்றுநோய் குணமானது. என் அப்பா போய்விட்டார். எங்கள் ஜெபம்தான் குறைச்சலா?
(செவிலியர், மார்த்தாண்டம்)

பதில்: அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம். ஒரே ஏரோது, ஒரே சபை, கிட்டத்தட்ட ஒரே சமயம். பேதுருவைத் தூதன் வந்து சங்கிலியைக் கழற்றிச் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போனான். யாக்கோபுவை வாளால் வெட்டினார்கள். பேதுருவின் கதை பத்து வசனத்துக்கு மேல் ஓடுகிறது, யாக்கோபுவுக்கு ஒரே வசனம். அவருக்காக யாரும் சரியாக ஜெபிக்கவில்லை என்று லூக்கா ஒரு சொல் எழுதவில்லை.

நம் சாட்சிக் கூட்டங்களில் மைக் எப்போதும் பேதுரு கையில். யாக்கோபு வீட்டார் பின் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வாரம் அவர்களிடமும் கொடுத்துப் பாருங்கள் என்று உங்கள் ஐயரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பவுலுக்கு இருந்த முள் என்ன? என் கணவர் அது மாமியாராக இருக்கலாம் என்கிறார்.
(புது மருமகள், தூத்துக்குடி)

பதில்: கண் நோய், வலிப்பு, மலேரியா என்று பண்டிதர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. பவுல் கல்யாணம் ஆகாதவர், ஆகவே மாமியார் மட்டும் இல்லை. எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார், எடுக்கப்படவில்லை. உங்கள் கணவர் சொன்னது தம் மாமியாரையா, உங்கள் மாமியாரையா என்பதை இன்று ராத்திரியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: துன்பத்தில் யோபு புத்தகம் உண்மையில் யாரையாவது தேற்றியிருக்கிறதா?
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், திருவட்டாறு)

பதில்: உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரரையே தேற்றியிருக்கிறது ஐயா. நட்டாலம் நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா அரண்மனையில் அதிகாரி. மாடு செத்து, பயிர் அழிந்து, சொத்துப் போய்த் துவண்டிருந்தார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. அவருக்கு யோபு கதையைச் சொன்னவர் டி லனாய், 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி. தோற்று, ஊரை இழந்து, பிடித்தவனுக்கே படை பழக்கிக்கொடுத்த மனிதன். ஆறுதல் சொல்லத் தகுதிச் சான்றிதழ் இதைவிட வேறென்ன வேண்டும்?

பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு ஆடு மாடு இரட்டிப்பாகவில்லை. பதவி போனது, சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ரோமாபுரி 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தது. யோபுவின் 42ஆம் அதிகாரம் அவருக்கு வர 270 வருஷம்.

கேள்வி: வலியே இல்லாத உலகத்தை ஆண்டவர் படைத்திருக்கக் கூடாதா?
(பிசியோதெரபிஸ்ட், வேலூர்)

பதில்: வேலூரில் உட்கார்ந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் உங்கள் ஊர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல் தானாகவே அழுகி உதிர்கிறது என்று உலகம் நம்பிய காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டோடு அவர் மல்லுக்கட்ட, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். விரல் கிழிந்து எலும்பு தெரிந்தது. பையன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

விரலைத் தின்றது நோய் அல்ல, வலி தெரியாததுதான் என்பது இப்படிப் பிடிபட்டது. தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாது. அதனால் வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் பூனை!

பிறகு அமெரிக்காவில் கார்வில் ஆஸ்பத்திரியில் செயற்கையாக வலியைச் செய்து பார்த்தார் பிராண்ட். கையுறைக்குள் கருவி, அழுத்தம் மிஞ்சினால் எச்சரிக்கை. நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். சுவிட்ச் நம் கையில் இருந்தால் எவன் போட்டு வைப்பான்?

கேள்வி: அப்படியானால் எல்லா வலியும் வரம்தானா?
(அவரே, அடுத்த தபாலில்)

பதில்: விடமாட்டீர்களே. இல்லை. பூட்டுக்குச் சொன்ன பதில் சாவுக்குப் பொருந்தாது.

பிராண்டின் அப்பா ஜெஸ்ஸி 1929இல் கொல்லிமலையில் மலேரியா முற்றி 44 வயதில் இறந்தார். பையன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான். தந்தி முந்திக்கொண்டது. உயிரோடிருந்தபோது அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அந்த வலி எந்த விரலைக் காப்பாற்றியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அம்மா ஈவ்லின் மலைக்கே திரும்பினார். வயதாகிவிட்டது, ஓய்வு பெறுங்கள் என்று மிஷன் சொன்னபோது, பெற்றுக்கொண்டு மறுபடியும் மலை ஏறினார், மட்டக்குதிரையில். 1974இல் 95 வயதில் காலமானார். இதை நோக்கம் என்பீர்களோ பிடிவாதம் என்பீர்களோ, மலைக்காரர்களுக்கு மருந்து வந்து சேர்ந்தது.

கேள்வி: விபத்துக்குப் பின் படுக்கையில் கிடக்கிறேன். இனி நான் எதற்கு?
(முன்னாள் லாரி உரிமையாளர், நாமக்கல்)

பதில்: டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கை அறுவைச் சிகிச்சையை எப்படியும் உட்கார்ந்துதானே செய்கிறோம் என்று சக்கர நாற்காலியிலிருந்தே கத்தியைப் பிடித்தார், தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். 1972இல் பத்மஸ்ரீ.

இதைச் சொன்னதால் நீங்களும் எழுந்து சாதிக்க வேண்டும் என்று யாராவது நச்சரித்தால் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள். பத்மஸ்ரீ வாங்காதவர்களின் பெயரும் ஆண்டவருக்குத் தெரியும்.

கேள்வி: சுனாமியில் வேளாங்கண்ணிக் கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்களே, அது அற்புதம்தானே?
(பக்தர், நாகப்பட்டினம்)

பதில்: பிழைத்தவர் நன்றி சொல்லட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வந்துவிட்டு மறுநாள், 2004 டிசம்பர் 26 காலையில் கடலில் கால் நனைக்கப் போனவர்களும் அதே மாதாவைக் கும்பிட வந்தவர்கள்தான். அவர்கள் வீட்டார் முன்னால் அற்புதத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சுமத்ராவில் பூமி குலுங்கி, நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்துமாக்கடலில் அன்று எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007இல். ஆண்டவர் எங்கே போயிருந்தார் என்று கேட்கிறவர்கள், அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது என்றும் கேட்டு ஒரு மனு எழுதலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு முகவரி உண்டு.

கேள்வி: துன்பத்தைப் பற்றிப் படிக்க நல்ல புத்தகம் சொல்லுங்கள்.
(நூலகர், காரைக்குடி)

பதில்: சி. எஸ். லூயிஸ் இரண்டு எழுதினார். 1940இல் ஒன்று, வேதனை ஏன் என்று தர்க்கம் பிசகாமல். மனைவி ஜாய் 1960இல் புற்றுநோயில் இறந்த பிறகு 1961இல் இன்னொன்று, கதவை அறைந்து சாத்தியது போல ஆண்டவர் மௌனமாகிவிட்டதாக முறையிட்டு, அதுவும் புனைபெயரில். எழுதியவர் அவரே என்று தெரியாமல் இரண்டாவதை அவருக்கே சிபாரிசு செய்தவர்களும் உண்டாம். முதலாவதைத் துன்பம் வருவதற்கு முன் படியுங்கள். வந்த பிறகு இரண்டாவது.

கேள்வி: யோபுவுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது. பிள்ளைகள் மட்டும் ஏன் முன்போலவே பத்து?
(கணக்கு வாத்தியார், ராமநாதபுரம்)

பதில்: கணக்கு வாத்தியார் கண்ணுக்குத்தான் இது தெரியும். 7,000 ஆடு 14,000 ஆனது, 3,000 ஒட்டகம் 6,000 ஆனது. பிள்ளைகள் மறுபடி 7 ஆண், 3 பெண். பழைய உரைகாரர்கள் சொல்வது: ஒட்டகம் செத்தால் போயே போனது. முதல் பத்துப் பேர் ஆண்டவரிடம் இருக்கிறார்கள், ஆகவே மொத்தம் இருபது, கணக்குச் சரி.

எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று புது மகள்களுக்கு மட்டும் பெயர் எழுதி வைத்திருக்கிறது. அண்ணன் தம்பிகளோடு அவர்களுக்கும் யோபு சொத்து கொடுத்தார். பட்டபின் மனுஷனுக்குப் புத்தி எந்தப் பக்கம் வந்தது பாருங்கள்.

கேள்வி: மோட்சத்துக்குப் போனால் ஆண்டவரிடம் உங்கள் முதல் கேள்வி என்ன அண்ணாச்சி?
(குறும்புக்காரர், கும்பகோணம்)

பதில்: போவேன் என்று நம்பியதற்கு நன்றி. பெரிய கேள்விகளுக்கெல்லாம் யோபுவுக்குப் பின்னால் வரிசை வாசல் தாண்டி நிற்கும். நான் கொசுவைப் பற்றிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். அங்கேயும் ஜெஸ்ஸி பிராண்ட் எனக்கு முன்னால் நிற்பார்.